இருபது கஜக் கம்பியால் ஜெயித்த மார்கோனி

விழிஞ்ஞம் மீன்பிடி துறைமுகத்தில் மாலை வேளையில் நின்று பாருங்கள். கடலுக்குப் புறப்படும் படகுகளில் வயர்லெஸ் கருவி உள்ளவற்றை எளிதாக அடையாளம் கண்டு கொள்ளலாம். அவற்றின் கூரைமேல் மெல்லிய குச்சி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதுதான் ஏரியல். அதன் உள்ளே இருப்பது கொஞ்சம் உலோகம்தான். விலை மதிப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உலோகத்தின் நீளம் சரியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து, நடுக்கடலில் ஒருவன் எழுப்பும் அபயக்குரல் கரைக்கு எட்டலாம், எட்டாமலும் போகலாம்.

இந்தக் கடற்கரைக்கு அது நன்றாகத் தெரியும். 2017-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கி புயல் வீசியது. எச்சரிக்கை வந்தபோது விழிஞ்ஞம், பூந்துறை, தூத்தூர், சின்னத்துறை ஊர்களின் படகுகள் பல ஏற்கனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. செல்போன் கோபுரத்தின் சைகை அவ்வளவு தூரம் போகாது. போனவர்களைக் கூப்பிட வழி தெரியாமல் வீட்டுப் பெண்கள் கடற்கரையில் காத்துக் கிடந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. 2025-ம் ஆண்டு மே மாதத்தில் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் நடுவழியில் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. செய்தி உடனே கரைக்கு எட்டியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

கடலில் இருப்பவனின் குரலைக் கரைக்குக் கொண்டு வந்தவர் மார்கோனி. பட்டம் பெறாதவர். கம்பியை எவ்வளவு நீளம் விட வேண்டும், எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்பதைக் கையால் செய்து பார்த்தே கண்டுபிடித்தவர். அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

பரணில் ஒரு சோதனைச்சாலை

கூலியெல்மோ மார்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந்தேதி இத்தாலி நாட்டில் பொலோனா நகரில் பிறந்தார். தந்தை கியூசெப்பே மார்கோனி நிலச்சுவான்தார். தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்தைச் சேர்ந்தவர். விஸ்கி தயாரிப்பில் பேர் பெற்ற ஜேம்சன் குடும்பத்துப் பெண். பொலோனாவுக்கு அருகே பொன்டெக்கியோ என்ற கிராமத்தில் இருந்த வில்லா கிரிபோன் என்ற பெரிய வீட்டில் மார்கோனி வளர்ந்தார்.

பள்ளிப்படிப்பு ஒழுங்காக அமையவில்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்கவும் இல்லை. ஆனால் மின்சாரம் என்றால் அவருக்கு உயிர். மகனின் ஆர்வத்தைப் பார்த்த தாயார், லிவோர்னோ நகரில் வின்சென்சோ ரோசா என்ற ஆசிரியரிடம் தனியாகப் பாடம் சொல்லித் தர ஏற்பாடு செய்தார். பொலோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் அகுஸ்டோ ரிகி, பக்கத்தில் வசித்து வந்தவர். அவருடைய தயவில் மார்கோனி பல்கலைக்கழக நூலகத்துக்கும் சோதனைச்சாலைக்கும் போய் வந்தார்.

1894-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 36 வயதில் காலமானார். மின்சாரப் பொறி ஒன்று கண்ணுக்குத் தெரியாத அலைகளை எழுப்புகிறது, அந்த அலைகள் ஒளியின் வேகத்தில் செல்கின்றன என்று 1888-ல் நிரூபித்துக் காட்டியவர் அவர்தான். அந்த ஆண்டுக் கோடைக்காலத்தில் ஹெர்ட்சைப் பற்றிய கட்டுரை ஒன்றை மார்கோனி படித்தார். இந்த அலைகளை வைத்துத் தந்தி அடித்தால் என்ன என்ற எண்ணம் அப்போது அவருக்கு உதித்தது. வயது 20.

அந்தக் காலத்தில் தந்தி என்றால் கம்பிதான். ரயில் பாதை ஓரமாக வரிசை வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். கம்பி அறுந்தால் செய்தியும் அறுந்துவிடும். கப்பலுக்குக் கம்பி போட முடியாது. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்வரை அதைப்பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வீட்டின் பரணில் மார்கோனி சோதனைகளைத் தொடங்கினார். பிரான்சு நாட்டு பிரான்லியும் இங்கிலாந்தின் லாட்ஜும் உருவாக்கியிருந்த உலோகத்தூள் குழாயைத் திருத்தி, நுட்பமாக அலையைப் பிடிக்கும்படி செய்தார். ஒரு பக்கம் விசையை அழுத்தினால், இடையில் கம்பி ஏதும் இல்லாமல் மறுபக்கம் மணி அடித்தது. முதலில் மகனின் வேலையில் நம்பிக்கை இல்லாமல் இருந்த தந்தையும் பிறகு பணம் கொடுத்து உதவினார்.

உயரம் கொடுத்த வெற்றி

ஆனால் சைகை அதிக தூரம் போகவில்லை. 1895-ம் ஆண்டு சோதனையைத் தோட்டத்துக்கு மாற்றினார். அங்கேதான் அவருடைய வாழ்வின் முக்கியமான கண்டுபிடிப்பு நடந்தது. பொறி எழுப்பும் கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தார். மறுமுனையைக் கம்பி மூலம் உயரத் தூக்கி, கம்பத்தின் உச்சியில் தகரப் பெட்டி ஒன்றில் இணைத்தார். தூரம் கிடுகிடுவென்று கூடியது.

அவர் எடுத்த கணக்கு இதுதான். ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள தகரப் பெட்டியை 2 மீட்டர் உயரத்தில் வைத்தபோது சைகை 30 மீட்டர் தூரம் போனது. அதே பெட்டியை 4 மீட்டர் உயரத்தில் வைத்தபோது 100 மீட்டர். 8 மீட்டர் உயரத்தில் வைத்தபோது 400 மீட்டர். 1 மீட்டர் அளவுள்ள பெரிய பெட்டியை அதே 8 மீட்டர் உயரத்தில் வைத்தபோது 2,400 மீட்டர்! கம்பியின் உயரத்தை இரு மடங்காக்கினால் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

இதற்குக் காரணம் இன்று பள்ளி மாணவனுக்கும் புரியும். மண்ணில் ஒரு முனை புதைந்து நிமிர்ந்து நிற்கும் கம்பி, தன் நீளத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு நீளமுள்ள அலையைத்தான் நன்றாக எழுப்பும். கம்பி நீண்டால் அலையும் நீளும். நீண்ட அலை மேடு பள்ளங்களைத் தாண்டி, பூமியை ஒட்டியே வளைந்து செல்லும். ஹெர்ட்ஸ் பயன்படுத்திய குறுகிய அலைகளுக்கு அந்த வசதி இல்லை.

வீட்டுக்கு எதிரே ஒரு குன்று இருந்தது. அண்ணன் அல்போன்சோ வாங்கும் கருவியைக் குன்றுக்கு அப்பால் எடுத்துக்கொண்டு போனார். கையில் துப்பாக்கி. சைகை வந்தால் சுட வேண்டும் என்று ஏற்பாடு. மார்கோனி விசையை மூன்று முறை அழுத்தினார். குன்றுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது. கண்ணுக்கு மறைவான இடத்துக்கும் செய்தி போகும் என்பது அன்று உறுதியாயிற்று.

இதே காலத்தில் உலகின் வேறு இடங்களிலும் இந்த ஆராய்ச்சி நடந்து கொண்டிருந்தது. ரஷ்யாவில் போபோவ் கருவி செய்து காட்டினார். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ், 1895-ல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில், இடையில் கம்பி இல்லாமல் மின்காந்த அலையால் மணி அடிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார். போஸ் கையாண்டவை மில்லிமீட்டர் கணக்கில் இருந்த மிகச் சிறிய அலைகள். அலைகளின் இயல்பை அறிவதே அவர் நோக்கம். மார்கோனியின் நோக்கமோ தந்தி. அதனால்தான் அவர் கம்பியை நீட்டிக்கொண்டே போனார்.

லண்டனில் இளைஞர்

இத்தாலியில் இதை வளர்க்க வழி இல்லை என்று கருதிய தாயார், 1896-ம் ஆண்டு பிப்ரவரியில் மகனை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தாய்வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் உதவினார். ஜூன் 2-ந்தேதி காப்புரிமைக்கு மனு கொடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் தபால் இலாகாவின் தலைமை என்ஜினீயர் வில்லியம் பிரீஸ் இந்த 22 வயது இளைஞரை வரவேற்று, சோதனைகளுக்கு வசதி செய்து கொடுத்தார். தபால் இலாகா ஊழியர் ஜார்ஜ் கெம்ப் துணைக்கு வந்தார். கடற்படையில் வேலை பார்த்தவர். கம்பம் நடுவதிலும் கயிறு கட்டுவதிலும் கெட்டிக்காரர். அன்று சேர்ந்த கெம்ப் கடைசிவரை மார்கோனியை விட்டுப் பிரியவில்லை.

1897-ம் ஆண்டு மே மாதம். பிரிஸ்டல் கால்வாயில் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பும் முதல் சோதனை. கரையில் லாவர்னாக் முனை. எதிரே பிளாட் ஹோம் என்ற சிறு தீவு. இடையே சுமார் மூன்றே கால் மைல் கடல். பாறைமேட்டில் 30 கஜ உயரத்துக்குக் கம்பம் நட்டுக் கம்பி கட்டினார்கள். பெர்லினில் இருந்து பேராசிரியர் ஸ்லாபி என்பவரும் பார்க்க வந்திருந்தார்.

மே 11-ந்தேதி சோதனை சரிப்படவில்லை. மறுநாளும் சரிப்படவில்லை. வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் இளைஞரின் மானம் போகும் நிலை. இது தோற்றால் தபால் இலாகாவின் ஆதரவு நின்றுபோகலாம். மூன்றாம் நாள் வாங்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு பாறைமேட்டில் இருந்து கடற்கரைக்கே இறங்கினார்கள். மேலே கம்பத்தில் இருந்த கம்பியோடு இன்னும் 20 கஜம் கம்பியைச் சேர்த்துக் கீழே கொண்டு வந்தார்கள். மொத்த உயரம் 50 கஜம் ஆனது.

அவ்வளவுதான். இரண்டு நாளாக ஊமையாக இருந்த கருவி, சைகைகளைத் தெளிவாகத் தரத் தொடங்கியது. கருவி அதே கருவி. மின்சாரம் அதே மின்சாரம். மனிதர்களும் அதே மனிதர்கள். கூடியது 20 கஜம் கம்பி மட்டுமே. சில நாட்களில் அதே கடலில் சுமார் 9 மைல் தூரத்துக்குச் செய்தி போயிற்று. ஸ்லாபி ஊர் திரும்பி, ஜெர்மனியில் தாமே இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

அந்த ஆண்டு ஜூலையில் மார்கோனியின் கம்பெனி தொடங்கப்பட்டது. 1899 மார்ச்சில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிப் பிரான்சுக்குச் செய்தி போனது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி மூடுபனியில், கிழக்கு குட்வின் விளக்குக் கப்பல்மீது ஆர்.எப்.மாத்யூஸ் என்ற நீராவிக் கப்பல் மோதியது. விளக்குக் கப்பலில் மார்கோனியின் கருவி இருந்தது. உதவி கேட்டுச் செய்தி கரைக்குப் போனது. உயிர்காப்புப் படகு வந்தது.

காற்றாடியும் கம்பியும்

ஆரம்பத்தில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. கம்பியின் நீளம் எதுவோ, அதற்கேற்ற அலை கிளம்பும். இரண்டு நிலையங்கள் ஒரே சமயத்தில் பேசினால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். 1900-ம் ஆண்டு ஏப்ரலில் மார்கோனி 7777 என்ற புகழ்பெற்ற காப்புரிமைக்கு மனு செய்தார். கம்பியோடு சுருளும் மின்தேக்கியும் சேர்த்து, நமக்கு வேண்டிய அலைக்கு மட்டும் கம்பியை இசையச் செய்யும் முறை அது. வீணைத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போல. அதுவரை கம்பி அலையைத் தீர்மானித்தது. அதற்குப் பிறகு அலையை முதலில் தீர்மானித்துக்கொண்டு கம்பியை அதற்கேற்ப அமைக்க முடிந்தது.

அடுத்து அட்லாண்டிக் மகா சமுத்திரம். இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் போல்டு என்ற இடத்தில் பெரிய நிலையம் கட்டினார். 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். 1901 செப்டம்பரில் புயல் அடித்து அத்தனையும் சரிந்தன. அமெரிக்கக் கரையில் கட்டிய கம்பங்களும் நவம்பரில் விழுந்தன. மார்கோனி தளரவில்லை. போல்டுவில் இரண்டு கம்பங்கள் மட்டும் நிறுத்தி, அவற்றுக்கிடையே 54 கம்பிகளை விசிறி போல் விரித்துக் கட்டினார்.

எதிர்க்கரையில் நியூபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரை அடைந்தார். உடன் கெம்பும் பேகட் என்ற உதவியாளரும். சிக்னல் ஹில் என்ற குன்றின்மேல் கம்பம் நட நேரமும் இல்லை, வசதியும் இல்லை. பலூனில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். காற்று பலூனைக் கொண்டுபோய்விட்டது. டிசம்பர் 12-ந்தேதி காற்றாடி விட்டார்கள். அதுவும் அறுத்துக்கொண்டு போனது. அடுத்த காற்றாடி 500 அடி நீளக் கம்பியோடு உயர ஏறியது.

காற்றாடி மேலும் கீழும் ஆடியது. கம்பியின் உயரம் நொடிக்கு நொடி மாறியது. உயரம் மாறினால் சுருதியும் மாறும். ஆகவே சுருதி சேர்த்த கருவி பயன்படவில்லை. மார்கோனி அதை ஒதுக்கிவிட்டு, சுருதி சேர்க்காத சாதாரணக் கருவியையும் டெலிபோன் காதுக்குழலையும் எடுத்துக்கொண்டார். பகல் பன்னிரண்டரை மணி. காற்றின் இரைச்சலுக்கு நடுவே மூன்று சின்னத் தட்டுகள் காதில் விழுந்தன. தந்தி மொழியில் அது எஸ் என்ற எழுத்து. கெம்பிடம் காதுக்குழலைக் கொடுத்தார். கெம்பும் கேட்டதாகச் சொன்னார். சுமார் 3,500 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த சைகை அது.

இதைப் பலர் அன்றே நம்பவில்லை. இரண்டே பேர் காதால் கேட்டதற்கு எழுத்துச் சாட்சி கிடையாது. பட்டப்பகலில் அந்த அலை அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் பயணம் செய்த மார்கோனி, கப்பல் கேப்டன் பார்த்துக்கொண்டிருக்க, 2,000 மைலுக்கு அப்பால் இருந்து வந்த சைகைகளைக் காகித நாடாவில் பதிவு செய்து காட்டினார். அதில் பகலைவிட இரவில் சைகை அதிக தூரம் போவதையும் கண்டார். வான்மண்டலத்தின் உயரத்தில் அலைகளைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருப்பது பிறகு தெரிந்தது.

சிக்னல் ஹில்லில் பயன்பட்ட பாதரசக் குழாயைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. அது இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த ஒரு நண்பர் கொடுத்தது. அதற்கு மூலம் ஜகதீச சந்திர போஸ் 1899-ல் வெளியிட்ட ஆராய்ச்சியே என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். சுருதி சேர்க்கும் காப்புரிமையின் முக்கியமான பகுதிகளை, முன்பே பிறர் செய்தவை என்று கூறி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1943-ல் செல்லாது என்றது. அப்போது மார்கோனி உயிரோடு இல்லை. பலர் உழைத்த வயலில் அறுவடை செய்தவர் அவர் என்பதை மறைக்கத் தேவையில்லை. பலருடைய அறிவை ஒன்றுசேர்த்துக் கப்பலுக்குப் பயன்படும்படி செய்தவர் அவர் என்பதையும் மறுக்க முடியாது.

கப்பல்களின் காவலன்

1909 ஜனவரியில் ரிபப்ளிக் என்ற கப்பல் அமெரிக்கக் கரையோரம் மூடுபனியில் இன்னொரு கப்பலோடு மோதியது. வயர்லெஸ் ஊழியர் ஜாக் பின்ஸ் இடைவிடாமல் செய்தி அனுப்பினார். இரு கப்பல்களிலும் இருந்த 1,500 பேருக்கு மேல் காப்பாற்றப்பட்டனர். அதே ஆண்டு மார்கோனிக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரௌனும் அவரும் அதைப் பகிர்ந்து கொண்டார்கள். கல்லூரியில் பட்டம் வாங்காதவர் 35-வது வயதில் நோபல் பரிசு வாங்கினார்.

1912 ஏப்ரல் 14-ந்தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. கப்பலின் இரண்டு பாய்மரங்களுக்கு இடையே நீளமாகக் கம்பிகள் கட்டப்பட்டிருந்தன. அப்போது கப்பல்களின் அலைநீளம் 600 மீட்டர், 300 மீட்டர் என்று இருந்தது. 600 மீட்டர் அலைக்குக் கால் பங்கு என்றால் 150 மீட்டர் உயரக் கம்பி வேண்டும். எந்தக் கப்பலிலும் அவ்வளவு உயரமான மரம் கிடையாது. ஆகவே கம்பியைப் படுக்கைவாட்டில் நீட்டி, நடுவில் இருந்து கீழே இறக்கி, குறைந்த நீளத்தைச் சுருளால் ஈடுகட்டினார்கள். அந்தக் கம்பி வழியாகத்தான் ஜாக் பிலிப்ஸ், ஹெரால்ட் பிரைட் என்ற இரு ஊழியர்களும் கடைசி நேரம்வரை உதவி கேட்டார்கள்.

58 மைல் தூரத்தில் இருந்த கார்பதியா கப்பலுக்குச் செய்தி கிடைத்து, விரைந்து வந்தது. 700 பேருக்கு மேல் பிழைத்தார்கள். சுமார் 1,500 பேர் மாண்டார்கள். பிலிப்சும் அவர்களில் ஒருவர். இதைவிட அருகில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதிலும் கருவி இருந்தது, கம்பியும் இருந்தது. ஆனால் அதன் ஒரே ஊழியர் வேலை முடித்துத் தூங்கப் போயிருந்தார். 24 மணி நேரமும் காது கொடுக்க ஆள் வேண்டும் என்ற சர்வதேச விதி அதன் பிறகுதான் வந்தது.

சிறிய கம்பியின் காலம்

அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியில் நடந்த கார் விபத்தில் மார்கோனி வலது கண்ணை இழந்தார். ஒற்றைக் கண்ணோடு உழைப்பைத் தொடர்ந்தார். அதுவரை அவர் போன வழி, நீண்ட அலை, நீண்ட கம்பி, உயர்ந்த கம்பம் என்பதுதான். பெரிய நிலையங்கள் ஏக்கர் கணக்கில் கம்பிகளைக் கட்டின. 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் உதவாது என்று ஒதுக்கப்பட்டன. அமெரிக்காவில் 1912-ல் வந்த சட்டம் அவற்றை அமெச்சூர்களுக்கு விட்டுக்கொடுத்தது. சம்பளம் வாங்காமல் ஆர்வத்துக்காக வயர்லெஸ் நடத்துபவர்களே அமெச்சூர்கள். ஹாம் என்றும் சொல்வார்கள்.

அந்த அமெச்சூர்கள் 1921 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சைகை அனுப்பினார்கள். 1923 நவம்பரில் பிரான்சும் அமெரிக்காவும் சுமார் 110 மீட்டர் அலையில் இருவழியாகப் பேசிக்கொண்டன. நம் நாட்டிலும் 1921-ல் அமரேந்திர சந்திர குப்து முதல் அமெச்சூராக வயர்லெஸ் நடத்தினார். 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்.

மார்கோனி தம் பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1919-ல் வாங்கிய எலெட்ரா என்ற தம் உல்லாசக் கப்பலையே சோதனைச்சாலையாக்கி, 1923-ல் தெற்கே கேப் வெர்டே தீவுகள்வரை போனார். போல்டு நிலையத்தில் இருந்து என்ஜினீயர் பிராங்க்ளின் 97 மீட்டர் அலையில் அனுப்பிய சைகைகளைக் கேட்டார். 1924-ல் 32 மீட்டர் அலையும் சோதிக்கப்பட்டது. அலை குறுகினால் பகலிலும் அதிக தூரம் போயிற்று. கம்பியும் குறுகியது, செலவும் குறைந்தது. சிறிய கம்பிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அலையை ஒரே திசையில் செலுத்தும் நிலையங்கள் எழுந்தன. 1927-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அந்தச் சேவை தொடங்கிற்று. புனாவுக்கு அருகே கிர்க்கியிலும் தோண்டிலும் நிலையங்கள் அமைந்தன. அந்த ஆண்டிலேயே பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தொடங்கியது 1943-ல்.

அமெச்சூர்கள் கண்ட கணக்கு இன்றும் மாறவில்லை. விழிஞ்ஞத்தில் மொட்டைமாடியில் கம்பி கட்டுபவருக்கும் அதே கணக்குதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் பாதி நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைப்பதே மிக எளிய ஏரியல். ஆனால் கம்பியின் நுனிகளால் அளவில் சிறு மாற்றம் வரும். ஆகவே பாதியில் 5 சதவீதம் குறைக்க வேண்டும். சுருக்கமாக, 143-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு மொத்தம் 20 மீட்டர். பக்கத்துக்கு 10 மீட்டர். 14.2-க்கு மொத்தம் 10 மீட்டர். முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துச் சிறுகச் சிறுக நறுக்க வேண்டும். நறுக்கியதை ஒட்டுவது கஷ்டம்.

இடம் போதாதவர்கள் ஒரே கம்பியை ஒரு முனையில் இணைத்து, இசைவிக்கும் பெட்டியும் தரைக்கம்பியும் வைத்துப் பல அலைகளுக்குப் பயன்படுத்துவது உண்டு. அதில் ஒரு எச்சரிக்கை. பயன்படுத்தும் எந்த அலைக்கும் சரியாகப் பாதியாகவோ, முழு அலையாகவோ அந்தக் கம்பி அமையக்கூடாது. அமைந்தால் இணைக்கும் முனையில் மின்னழுத்தம் மிகுந்து, பெட்டி திணறும். 7, 14, 21 மெகாஹெர்ட்சுக்கு 10 மீட்டரும் 20 மீட்டரும் ஆகாது. 16 அல்லது 17 மீட்டர் ஒத்துவரும். கம்பி எதுவானாலும் மின்சாரக் கம்பிக்கு அருகே கட்டக்கூடாது. கேட்பது மட்டும் அல்லாமல் பேசவும் வேண்டுமானால் மத்திய அரசின் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கடைசிக் காலம்

மார்கோனியின் இல்லற வாழ்வு அமைதியாக இல்லை. 1905-ல் பியட்ரிஸ் ஓபிரையன் என்ற பெண்ணை மணந்தார். மூன்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆண்டில் பாதி நாள் கடலில் கழிந்தது. 1924-ல் மணமுறிவு. 1927-ல் மரியா கிறிஸ்டினாவை மணந்தார். 1930-ல் பிறந்த மகளுக்குக் கப்பலின் பெயரையே, எலெட்ரா என்று வைத்தார்.

அரசியலில் அவர் சேர்ந்த இடம் அவர் புகழுக்கு ஒரு கறை. 1923-ல் முசோலினியின் பாசிஸ்டு கட்சியில் சேர்ந்தார். 1930-ல் முசோலினி அவரை இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவராக்கினார். வரலாறு எழுதுபவர்கள் இதையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. 1931-ல் வாடிகன் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்தார். பிறகு ஒரு மீட்டருக்கும் குறைந்த அலைகளில் இறங்கினார். 1934-ல் எலெட்ரா கப்பலின் மேல்தட்டு ஜன்னல்களைத் திரையிட்டு மறைத்துவிட்டு, கரையில் இருந்து வந்த அந்த அலையை மட்டும் நம்பித் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டு வந்து காட்டினார். தோட்டத்தில் தகரப்பெட்டியில் தொடங்கிய மனிதர், உள்ளங்கை அளவுக் கம்பியில் வந்து நின்றார்.

1937-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி ரோம் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 63. மறுநாள் உலகமெங்கும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. ஏப்ரல் 25-ந்தேதியை ஒட்டிவரும் சனிக்கிழமையன்று அமெச்சூர்கள் ஆண்டுதோறும் மார்கோனி தினம் கொண்டாடுகிறார்கள்.

படகுகளில் அபயக்குரலுக்காக ஒதுக்கப்பட்டிருப்பது 16-வது சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். மார்கோனியின் வழியில் கணக்குப் போட்டால் அதற்குக் கால் பங்குக் கம்பி சுமார் 45 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குள்தான். ஆனால் அந்த அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவதால், கடலின் வளைவைத் தாண்ட ஏரியலை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. உப்பு பிடித்த இணைப்பும், முறிந்து பாதியாகிப்போன குச்சியும் கரைக்கு எதையும் சொல்லாது. படகு புறப்படும் முன் வலையையும் டீசலையும் பார்ப்பவர்கள், அந்த ஒரு முழக் கம்பியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.